எட்டப் பிடித்த விளக்கு

யாழ்ப்பாணத்தில் காருக்குக் குளிர் பிடிக்கிறதென்றால் நுவரெலியாக்காரர் சிரிப்பார்கள். ஆனால் எஞ்சினின் குளிர் வானிலையை மட்டும் பொறுத்ததல்ல. அதற்குள் போகிற எரிபொருளையும் பொறுத்தது. இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை.

எங்களுடையது 1958ஆம் ஆண்டு மொறிஸ் மைனர். 1990இல் போர் மறுபடி மூண்டபின் வடக்கிற்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது, மின்சாரமும் நின்றது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. பெற்றோல் பூச்சியத்துக்குக் கீழ் 40 பாகை அளவிலும் தீப்பற்றத்தக்க ஆவியைத் தரும். மண்ணெண்ணெய்க்கு ஏறத்தாழ 38 பாகைச் சூடு வேண்டும். எங்கள் மார்கழி இரவில் 25 பாகைக்கு மேல் இராது. அந்த இடைவெளியைக் கடக்க ஐயா ஒரு மருந்துப் போத்தலில் பெற்றோல் வைத்திருப்பார். காபரேற்றரின் வாயில் இரண்டு கரண்டி ஊற்றி, சோக்கை இழுத்து, முன்னால் கம்பி போட்டுச் சுற்றினால், எஞ்சின் அதில் விழித்து, வெண்புகை கக்கியபடி மண்ணெண்ணெய்க்கு மாறிக்கொள்ளும்.

1992 மார்கழியில் ஓரிரவு அம்மம்மாவுக்கு மூச்சு இழுத்தது. ஐயா ஊற்றினார், பக்கத்து வீட்டு அண்ணர் சுற்றினார். ஒன்றுமில்லை. மறுபடி ஊற்றினார். ஒன்றுமில்லை.

ஐயா எதையும் ஒழுங்குமுறையாகச் செய்பவர். திறப்பைத் திருப்பிப் பம்பின் சத்தத்தைக் கேட்டார். டிக்டிக்கென்று அடித்து, நிரம்பியதும் நின்றது. பிளக் வயரை எஞ்சினுக்குக் கிட்டப் பிடித்தார். நீலப் பொறி பாய்ந்தது. பொயின்றைத் தேய்த்தார். நாலு பிளக்கையும் கழற்றித் துடைத்தார். சோக் கம்பி இழுபடுகிறதா என்று தடவிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன.

நான் ஜாம் போத்தல் விளக்கோடு நின்றேன்.

"விளக்கை எட்டப் பிடி தம்பி, பெற்றோல் நிக்குது" என்றார்.

பெற்றோல் நிற்கவில்லை. நாலு நாள் முன்பு, கூட்டாளி ஒருவனின் மோட்டார் சைக்கிளை ஒருதரம் ஓடிப் பார்க்கும் ஆசையில், போத்தலை அதற்குள் கவிழ்த்துவிட்டு, அதே அளவுக்கு மண்ணெண்ணெய் விட்டு வைத்திருந்தேன். ஊரே மண்ணெண்ணெய் மணத்த காலம். மூக்கு எதையும் பிரித்தறியவில்லை.

சொல்லியிருந்தால் எங்காவது இரண்டு கரண்டி கடன் வாங்கியிருக்கலாம். எனக்குப் பதினாலு வயது. சொல்லவில்லை. காரில் இல்லாத பிழையை ஒவ்வொரு உறுப்பாகத் தேடும் ஐயாவின் கைகளைப் பார்த்தபடி ஒரு மணித்தியாலம் நின்றேன். பயத்தைவிட, அவர் எதையும் சந்தேகிக்காததுதான் என் வாயை அடைத்தது என்று இப்போது தோன்றுகிறது.

கடைசியில் அம்மம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி, இரு புறமும் பிடித்து உருட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவ பிழைத்துக்கொண்டா. அதனால் என் குற்றம் பெயரில்லாமற் போயிற்று. மறுநாள் போத்தல் அலுமாரிக்குள் இருந்தது. திறப்பு ஐயாவின் இடுப்பில். அவர் ஒன்றும் கேட்கவில்லை. சாகும்வரை கேட்கவில்லை.

கார் இன்னும் இருக்கிறது. காலையில் எஞ்சின் பிடிக்காவிட்டால் ஐயாவின் வரிசைப்படியே பார்க்கிறேன்: பம்ப், பொறி, பொயின்ற், பிளக், சோக். அநேகமாக ஏதாவதொன்றில் அகப்பட்டுவிடும். அகப்பட்டதும் ஓர் ஆறுதல்; அது காரின் பிழை.

மகன் ரோச் பிடித்துக்கொண்டு நிற்பான்.

"எங்கை அப்பா பிழை?" என்று கேட்பான்.

நான் ஒரு வயரைத் தொட்டுக் காட்டுகிறேன்.