மூன்றே கால் கிலோ

போன பொங்கலுக்குக் காவாந்தண்டலம் போயிருந்தபோது பெரியப்பா வீட்டுப் பரணை ஒழித்தோம். உடைந்த முறம், பித்தளை அடுக்கு, பாடாத ரேடியோ எல்லாவற்றுக்கும் அடியில், கோணியில் சுற்றி ஒரு இரும்புச் சாமான். இரண்டு கம்பி, நடுவில் முட்டிக்குப் பூட்டு, தோல் வார், கீழே கறுப்பு பூட்ஸ். அக்காவின் காலிப்பர். பழைய பேப்பர்காரர் தராசில் வைத்துப் பார்த்தார். மூன்றே கால் கிலோ. 'இரும்பு விலைக்கே போட்டுக்கலாம்ங்க' என்றார். அக்கா வேண்டாம் என்றுவிட்டாள்.

அக்கா என்றால் பெரியப்பா மகள். 1960களின் கடைசியில், இரண்டு வயதில், மூன்று நாள் காய்ச்சல். இளம்பிள்ளை வாதம். வலது கால் துவண்டுவிட்டது. வளர வளர காலிப்பரை மாற்ற வேண்டும். இது பன்னிரண்டு வயதில் மாட்டியது. அப்போது அவள் மொத்த எடையே இருபத்தெட்டுக் கிலோ இருந்தால் அதிகம்.

எங்கள் ஊர் உத்திரமேரூர் பக்கம், செய்யாற்றங்கரை. அந்த மணலில் சும்மா நடந்தாலே கால் புதையும். அவள் இரும்போடு நடப்பாள். டக்கென்று ஒரு சத்தம், பிறகு சர்ரென்று இழுக்கும் சத்தம். மழை வந்தால் தோல் ஊறி நாறும். விளக்கெண்ணெய் தடவிக் காயவைப்பாள். ஆணி கழன்றால் ஊர்க் கொல்லர்தான் டாக்டர். 'மாட்டுக்கு லாடம் கட்டறா மாதிரிதான் பாப்பா' என்று சிரித்துக்கொண்டே அடித்துக் கொடுப்பார். எட்டாவதோடு படிப்பு நின்றது. ஒன்பதாவதுக்கு பஸ்ஸில் போக வேண்டும். முட்டி மடங்காத காலை பஸ் படியில் தூக்கி வைக்க முடியவில்லை.

அதே 1960களில்தான் தும்பாவில் அப்துல் கலாம் என்ற இளைஞர் கண்ணாடி இழையையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்து ராக்கெட்டுக்குப் பாகங்கள் செய்துகொண்டிருந்தார். ஆங்கிலத்தில் காம்போசிட். பயந்துவிடாதீர்கள், நம் மண் சுவர்தான். வெறும் செம்மண்ணில் சுவர் வைத்தால் காய்ந்ததும் வெடிக்கும். வைக்கோலைச் சேர்த்து மிதித்தால் நிற்கும். வைக்கோல் இழுப்பைத் தாங்குகிறது, மண் வைக்கோலைப் பிடித்துக்கொள்கிறது. தனித்தனியாக இரண்டும் சுவருக்கு லாயக்கில்லை.

பிறகு அவர் ஹைதராபாத்தில் ஏவுகணைகள் செய்யப் போனதும், 1989 மே 22-ல் அக்னி பறந்ததும் உங்களுக்குத் தெரியும். அந்த வேலையின் நடுவே, அங்குள்ள நிஜாம் மருத்துவ அறிவியல் நிலையத்திலிருந்து ஒரு எலும்பு டாக்டர் சோதனைச் சாலைக்கு வந்தார். ஒரு பொருளைக் கையில் எடுத்தார். இவ்வளவு லேசா என்று வியந்து, கலாமைத் தன் வார்டுக்கு அழைத்துப் போய், மூன்று கிலோ இரும்பை இழுத்து நடக்கும் குழந்தைகளைக் காட்டினார். மூன்றே வாரத்தில் முந்நூறு கிராமில் காலிப்பர் தயாரானதாகக் கலாம் மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

ஏவுகணையின் மூக்கைச் செய்த பொருளையே காலில் மாட்டிவிட்டார்கள் என்று பலர் எழுதுகிறார்கள். இல்லை. மூக்குக்கு ஆயிரக்கணக்கான டிகிரி சூட்டைத் தாங்கும் கார்பன் வேண்டும், காலுக்கு எதற்கு? காலிப்பர் கண்ணாடி இழை கலந்த பாலிப்ரொப்பிலீன். 1954-ல் இத்தாலியில் ஜூலியோ நட்டா ஒழுங்கான சங்கிலியாகக் கோத்துக் காட்டிய பிளாஸ்டிக். (1963-ல் நோபல் பரிசு வாங்கப் போனபோது நட்டாவுக்கு பார்க்கின்சன் நோய் முற்றியிருந்தது. துணைக்கு மகனும் சகாக்களும் தேவைப்பட்டார்கள்.)

எடை குறைந்தது பாதிக் கதைதான். இதில் முட்டிக்குப் பூட்டே கிடையாது. பாதத்திலிருந்து கெண்டைக்காலோடு ஏறி, முட்டிக்குக் கீழே முன்பக்கம் ஒரு பட்டையாக முடிகிறது. காலை ஊன்றியதும் தரை எதிர்த்துத் தள்ளுகிறது அல்லவா, அந்தத் தள்ளலை இந்த ஓடு வாங்கி முட்டியைப் பின்னால் அழுத்துகிறது. முட்டி துவளாது. காலைத் தூக்கினால் தாராளமாக மடங்கும். பஸ் படிக்கு அதுதானே வேண்டும்!

1990களின் நடுவில் இதைக் கேள்விப்பட்டு அக்காவைச் சென்னையில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் முட்டியை நீட்டிப் பார்த்தார். நீளவில்லை. பல வருஷத்தில் மடங்கியபடியே இறுகிவிட்டது. முட்டி நேராக நீண்டால்தான் இந்த ஓடு வேலை செய்யும் என்றார். பக்கத்து பெஞ்சில் ஒரு சின்னப் பெண் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் அம்மாவிடம் கேட்டு, அக்கா அந்த ஓட்டை ஒரு நிமிஷம் கையில் வாங்கினாள்.

'இன்னாடா இது, பொடலங்கா வெயிட்டு கூட இல்ல.'

நான் ஒன்றும் சொல்லவில்லை.

'இது எப்பவே செஞ்சிருக்கலாமா?'

தும்பா விஷயத்தைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று இன்றைக்கும் தோன்றுகிறது. கண்ணாடி இழை இருந்தது, பிளாஸ்டிக் இருந்தது. ஒரு டாக்டர் அந்தப் பக்கம் போய் ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்க்க இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அக்கா ஓட்டை அந்தப் பெண்ணிடமே கொடுத்து, 'வார இறுக்கிக் கட்டு கண்ணு' என்றாள்.

இந்தியாவின் கடைசி போலியோ நோயாளி 2011 ஜனவரியில், ஹௌராவில் ஒரு குழந்தை. 2014 மார்ச்சில் நமக்கு சர்டிபிகேட்டும் கொடுத்துவிட்டார்கள். அக்காவின் வயசுக்காரர்கள் இன்னும் நடந்துகொண்டிருக்கிறார்கள். அவள் இப்போது போடுவது அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்தது. பழசில் பாதி எடை இருக்காது. பூட்டு உண்டு.

பேப்பர்காரர் போனதும் கோணியைப் பிரித்துக் காலிப்பரை மடியில் வைத்துக்கொண்டாள். பூட்டை ஒரு தரம் தூக்கி, ஒரு தரம் இறக்கிப் பார்த்தாள். டக்.

'கொல்லர் போட்ட ஆணிடா. இன்னும் ஆடல பாரு' என்றாள்.