எந்தப் பூட்டுக்கும் சேருகிற சாவி

திண்டுக்கல்காரனிடம் சாவியைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். எடுத்தால் லேசில் விட மாட்டான். ஒரு பூட்டுக்கு ஒரு சாவி. அது அடுத்த பூட்டில் நுழைந்து திறந்துவிட்டால் செய்தவருக்கு அவமானம். எல்லாப் பூட்டையும் திறக்கிற சாவிக்கு எங்கள் ஊரில் நல்ல பெயர் கிடையாது. அப்படி ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ராத்திரியில் நடமாடிப் பாருங்கள், போலீஸ்காரர் கூப்பிட்டு விசாரிப்பார்!

ஆனால் மனிதர்களிலும் அப்படிப்பட்ட சாவிகள் உண்டு. உங்கள் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். எங்கள் குடும்பத்தில் அவர் சித்தப்பா. கல்யாண வீட்டில் பரிமாற ஆள் குறைந்தால் சாம்பார் வாளியைத் தூக்குவார். பழம் வந்து சேரவில்லையென்றால் சிறுமலை வாழைப்பழத்துக்கு விடியற்காலையில் ஓடுவார். விளக்கு அணைந்தால் ஜெனரேட்டரோடு மல்லுக்கு நிற்பார். "இன்ன வேலை சித்தப்பாவுடையது" என்று மட்டும் ஒருவரும் சொன்னதில்லை. கல்யாண ஆல்பத்தில் அவரைத் தேடினால் அகப்பட மாட்டார்.

2016 முதல் நத்தத்துக் கல்லூரி மைதானத்தில் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்கள் நடக்க ஆரம்பித்தன அல்லவா? அதிலிருந்து சித்தப்பாவுக்குக் கிரிக்கெட் பைத்தியம் பிடித்துவிட்டது. 2018 மார்ச் 18 அன்று இரவு அவர் வீட்டு டெலிவிஷனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். கொழும்பில் நிதாஹாஸ் கோப்பையின் இறுதி ஆட்டம். வங்கதேசத்தை வெல்ல 12 பந்துகளில் 34 ரன் வேண்டும். அப்போதுதான் தினேஷ் கார்த்திக் உள்ளே வந்தார். முதல் பந்து சிக்ஸர்! அந்த ஓவரில் மட்டும் 22 ரன். கடைசிப் பந்தில் ஐந்து ரன் வேண்டும் என்ற நிலையில், பந்து தரைக்கு இணையாகப் பறந்து எல்லைக் கோட்டைத் தாண்டியது. எட்டுப் பந்துகளில் 29 ரன்!

குதித்து ஓய்ந்த பிறகு சித்தப்பா கேட்டார்: "இவ்வளவு நல்லா ஆடுறவனை ஏன்ப்பா கடைசியில அனுப்புனாங்க? அவனுக்குன்னு ஒரு இடம் கிடையாதா?"

வாசகர்களே, நியாயமான கேள்விதான். கார்த்திக்கின் கதையே அந்தக் கேள்விதான்.

1985-ல் சென்னையில் பிறந்தவர். 2004 செப்டம்பரில் லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியாவின் விக்கெட் கீப்பராக முதல் ஒரு நாள் ஆட்டம். இங்கிலாந்துத் தலைவர் மைக்கேல் வானை அன்று மின்னல் வேகத்தில் ஸ்டம்பிங் செய்தார். நவம்பரில் மும்பையில் முதல் டெஸ்ட். இடம் கிடைத்துவிட்டது என்றுதான் எவரும் நினைப்பார்கள். டிசம்பரில் ராஞ்சியிலிருந்து ஒருவர் வந்தார். பெயர் மகேந்திர சிங் தோனி. அப்புறம் சொல்லவும் வேண்டுமா!

வேறொருவராக இருந்தால் விதியை நொந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். இவர் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, காலியாக இருந்த இடத்தைப் பார்த்தார். 2007-ல் இங்கிலாந்தில் முதல் ஆட்டக்காரராக இறங்கினார். புதுப்பந்தை எதிர்கொள்வது கீப்பர் வேலையல்ல. இருந்தும் அந்த மூன்று டெஸ்ட்டுகளில் இந்தியர்களிலேயே அதிக ரன், 263, அவருடையது. 1986-க்குப் பிறகு இங்கிலாந்து மண்ணில் இந்தியா வென்ற முதல் டெஸ்ட் தொடர் அது. அந்த இடமாவது நிலைத்ததா? இல்லை. நடுவில் ஆடச் சொன்னார்கள், ஆடினார். கடைசியில் வந்து விளாசச் சொன்னார்கள், விளாசினார்.

முட்டை வடிவப் பந்தோடு மேல்நாட்டார் ஆடும் ரக்பியில் இத்தகைய பேர்வழிகளுக்கென்றே ஒரு பெயர் உண்டு: 'யுடிலிட்டி பேக்'. பதினைந்து பேரில் எட்டுப் பேர் முன்னால் முட்டி மோத, ஏழு பேர் பின்னால் நின்று பந்தை ஏந்தி ஓடுவார்கள். அந்த ஏழில் பல இடங்களிலும் ஆடக்கூடியவர் யுடிலிட்டி பேக். தென்னாப்பிரிக்காவில் பிறந்து இங்கிலாந்துக்காக 75 ஆட்டங்கள் ஆடிய மைக் கேட் அப்படிப்பட்டவர். 1995 உலகக் கோப்பை அரையிறுதியில் அவர் கடைசிக் காவலராக நின்றார். நியூசிலாந்தின் ஜோனா லோமு என்ற மலை போன்ற மனிதர் அவர் மேலேயே ஏறி ஓடிப் புள்ளி எடுத்தார். உலகமே சிரித்தது. அந்த வருஷம் ஆகஸ்டில்தான் ரக்பி யூனியன் சம்பளம் வாங்கி ஆடும் தொழிலாக ஆயிற்று. கேட் இடம் மாறி இடம் மாறி எட்டு வருஷம் தாக்குப்பிடித்தார். 2003 இறுதி ஆட்டத்தில் மாற்று ஆளாக வந்து, கடைசி வினாடியில் பந்தை வெளியே உதைத்து ஆட்டத்தை முடித்து வைத்தவர் அவரே. கோப்பை இங்கிலாந்துக்கு!

இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொன்னேன். இன்னொன்றும் சொன்னேன். கொழும்பில் ஆறாவது ஆளாக அனுப்பாமல் ஏழாவதாக அனுப்பியதில் கார்த்திக்குக் கோபம் என்று ஆட்டம் முடிந்ததும் அணித் தலைவர் ரோகித் சர்மாவே சொன்னார்.

சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இருக்காதா பின்னே?" என்றார். "யாருக்கும் இருக்கும்ப்பா. ஆனா வாளியைக் கையில எடுத்த பிறகு அதை இலைக்கு முன்னால காட்டக் கூடாது."

நாற்பது வருஷமாக அவர் வாளி தூக்குவதைப் பார்த்தவர்கள் நாங்கள். அவருக்கும் மனத்தாங்கல் இருக்கும் என்று எங்களில் எவருக்கும் தோன்றியதில்லை. அன்றைக்கு எனக்குச் சுருக்கென்றது.

கார்த்திக்கைப் பிறகும் விட்டார்கள், அழைத்தார்கள். 2021-ல் மைக்கின் முன்னால் வர்ணனையாளர். மறு வருஷமே, 37 வயதில், ஆஸ்திரேலியாவில் இருபது ஓவர் உலகக் கோப்பை அணியில்! ஐ.பி.எல்.லில் 2008 முதல் 2024 வரை ஒரு வருஷம் விடாமல், ஆறு அணிகளுக்கு ஆடினார். 2024 ஜூன் 1-ந் தேதி, தம்முடைய பிறந்த நாளில், ஓய்வை அறிவித்தார். டெஸ்ட் ஆட்டங்கள் 26-தான். பதினான்கு வருஷத்தில் பரவிக் கிடந்த 26! 2025-ல் பெங்களூரு முதல் தடவையாக ஐ.பி.எல். கோப்பையை வென்றபோது, பேட்டிங் பயிற்சியாளராக அங்கேயும் இருந்தார்.

போன தை மாதம் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம். போட்டோக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்து, சித்தப்பாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். "எனக்கெதுக்குப்பா இதெல்லாம்" என்றாலும் தலையை வாரிக்கொண்டார். கேமரா தயாரான சமயம் பந்தியிலிருந்து ஒரு குரல்: "ரசம் யார் கொண்டு வர்றா?"

ஆல்பம் வந்திருக்கிறது. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கும் இடம் காலி. ஓரத்தில் ஒரு வேட்டி நுனி தெரிகிறது.

அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் "இது யார் வேட்டி?" என்று கேட்கிறார்கள். உட்கார வைத்துச் சொல்கிறேன்.