நடுவரும் நாமும்

தோல்வியைத் தாங்கிக்கொள்ளும் மனம் அநீதியைத் தாங்கிக்கொள்வதில்லை. நம் அணி ஆற்றல் குன்றித் தோற்றால் இரண்டு நாள் வருந்துகிறோம். மூன்றாம் நாள் வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். ஆனால் நடுவரின் பிழையான தீர்ப்பால் தோற்றோம் என்ற எண்ணம் நெஞ்சில் புகுந்துவிட்டால், அந்தப் புண் ஆண்டுகள் பல கடந்தும் ஆறுவதில்லை. ஆடியவர்கள் மறந்த பின்னும் பார்த்தவர்கள் மறப்பதில்லை. விளையாட்டைத்தானே பார்த்தோம், அதற்கு ஏன் இத்தனை கொதிப்பு என்று வீட்டார் கேட்கும்போது விடை சொல்லத் தெரியாமல் விழித்தவர்களுள் நானும் ஒருவன். அந்த விடையைத் தேடிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சித்தூரிலும் திருப்பதியிலும் கிரிக்கெட் பேச்சு இரண்டு மொழிகளில் நடக்கும். தேநீர்க் கடை வாசலில் ஒருவர் தெலுங்கில் தொடங்கிய வாதத்தை மற்றவர் தமிழில் முடித்து வைப்பார். ஆயினும் நடுவரை ஏசுவதில் மட்டும் மொழி வேற்றுமை கிடையாது. வானொலிக் காலத்தில் இந்த ஏச்சு இவ்வளவு இல்லை. சென்னை வானொலியின் தமிழ் வருணனை எங்கள் ஊர்களுக்கும் எட்டியது. அப்துல் ஜப்பார் போன்றோரின் கணீர்க் குரல் ஒருவர் ஆட்டமிழந்தார் என்று சொன்னால், அவர் ஆட்டமிழந்தார், அவ்வளவுதான். நடுவர் கண்டதை வருணனையாளர் சொன்னார், அவர் சொன்னதை நாம் நம்பினோம். தொலைக்காட்சி வந்தது, ஒரே பந்தைப் பத்து முறை, மெதுவாக, பல கோணங்களில் காட்டத் தொடங்கியது. நடுவருக்கு ஒரு முறை மட்டுமே கிட்டிய காட்சி நமக்குப் பத்து முறை கிட்டியது. அன்று முதல் வீட்டுக்கு வீடு ஒரு நடுவர் தோன்றிவிட்டார்.

2008-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் சிட்னியில் நடந்த டெஸ்ட் ஆட்டம் இக்கொதிப்பின் உச்சம். மார்கழி மாதம்; திருமலையில் சுப்ரபாதத்திற்கு மாற்றாக ஆண்டாளின் திருப்பாவை ஒலிக்கும் நாட்கள். அந்த விடியற்காலைக் குளிரில் போர்வையைப் போர்த்திக்கொண்டு தொலைக்காட்சி முன் அமர்ந்தோம். முதல் நாளிலேயே ஆறு விக்கெட்டுகளை இழந்து ஆஸ்திரேலியா தத்தளித்தது. அப்போது 30 ஓட்டங்கள் எடுத்திருந்த ஆண்ட்ரூ சைமண்ட்ஸ், இஷாந்த் சர்மாவின் பந்தை மட்டையில் உரசிக் கொடுத்தார். விக்கெட் காப்பாளர் பிடித்தார். நடுவர் ஸ்டீவ் பக்னரின் விரல் உயரவில்லை. சைமண்ட்ஸ் இறுதிவரை நின்று 162 ஓட்டங்கள் குவித்தார். ஐந்தாம் நாள் இராகுல் திராவிட் மட்டையைத் திண்டின் பின்னே மறைத்து விட்ட பந்துக்கு, அது மட்டையில் பட்டதாக அதே நடுவர் விரலை உயர்த்தினார். கங்குலி அடித்த பந்து தரையைத் தொட்டதா என்ற ஐயத்தைத் தீர்க்க மற்றொரு நடுவர் மார்க் பென்சன் கேட்டது எதிரணித் தலைவர் பாண்டிங்கிடம்! ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கையில் இந்தியா 122 ஓட்டங்களில் தோற்றது. அடுத்த பெர்த் ஆட்டத்திற்குப் பக்னர் நீக்கப்பட்டார். அதில் இந்தியா வென்றது. ஆயினும் சிட்னியின் கசப்பு பெர்த்தின் இனிப்பால் தீரவில்லை.

ஆட்டக்காரர்களுக்கும் இக்கொதிப்பு புதிதன்று. 1981-இல் மெல்போர்னில் டென்னிஸ் லில்லியின் பந்தில் தமக்குக் கால்-முன்-விக்கெட் கொடுத்ததை ஏற்காத சுனில் கவாஸ்கர், பந்து மட்டையில் பட்டதெனக் காட்டியும் பயனின்றி, உடன் ஆடிய சேத்தன் சௌகானையும் அழைத்துக்கொண்டு வெளியேற முற்பட்டார். எல்லைக் கோட்டருகே அணி மேலாளர் குறுக்கிட்டுச் சௌகானைத் திருப்பி அனுப்பியதால் ஆட்டம் பிழைத்தது. பின்னர் 143 ஓட்டங்களைத் துரத்திய ஆஸ்திரேலியாவைக் கபில்தேவ் 83-க்குள் சுருட்ட உதவினார். இந்தியா 59 ஓட்டங்களில் வென்றது. இதற்கு நேர்மாறான காட்சியும் உண்டு. அதற்கு முந்தைய ஆண்டு பம்பாயில் இங்கிலாந்தின் பாப் டெய்லர் ஆட்டமிழந்ததாக நடுவர் சொன்ன பின்னும், இந்திய அணித் தலைவர் குண்டப்பா விசுவநாத் அவர் ஆட்டமிழக்கவில்லை என்று கருதித் திரும்ப அழைத்தார். ஆட்டத்தில் இங்கிலாந்து வென்றது. அந்தத் தோல்வியை இன்று எவரும் தோல்வியாக நினைவுகூர்வதில்லை.

கொதிப்புக்கு மருந்தாக முதலில் கண்டது அயல் நாட்டு நடுவர் என்னும் ஏற்பாடு. உள்ளூர் நடுவர் உள்ளூர் அணிக்கே சாய்வார் என்ற ஐயம் எல்லா நாட்டிலும் இருந்தது. 1986-இல் பாகிஸ்தானும் மேற்கிந்தியத் தீவுகளும் லாகூரில் ஆடியபோது, இம்ரான்கானின் விருப்பப்படி இந்தியாவிலிருந்து வி. கே. இராமசாமியும் பிலூ ரிப்போர்ட்டரும் நடுவர்களாக அழைக்கப்பட்டனர். பகைமை பேசும் இரு நாடுகளுக்கிடையே இத்தகைய நம்பிக்கை மலர்ந்தது விளையாட்டின் பெருமை. 2002 முதல் டெஸ்ட் ஆட்டங்களில் இரு நடுவரும் அயலாராக இருப்பது வழக்கமாயிற்று. நம் சென்னை வெங்கடராகவன் இத்துறையில் பெற்ற புகழை நாம் மறக்கலாகாது. 57 டெஸ்ட் ஆட்டங்களில் 156 விக்கெட்டுகள் வீழ்த்தி, 1975, 1979 உலகக் கோப்பைகளில் இந்திய அணிக்குத் தலைமையும் தாங்கியவர், பின்பு 73 டெஸ்ட் ஆட்டங்களில் நடுவராக நின்றார்.

அயலார் வந்தபின் சாய்வு என்னும் பழி குறைந்தது, பிழை குறையவில்லை. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து மட்டையாளரை எட்ட அரை நொடி கூட ஆகாது. அதற்குள் வீச்சாளரின் கால் கோட்டைத் தாண்டியதா, பந்து எங்கே குத்தியது, காலில் எங்கே பட்டது, படாதிருந்தால் குச்சியைத் தகர்த்திருக்குமா என்பவற்றை ஒருவர் கண்டு முடிவு செய்ய வேண்டும். மனிதக் கண்ணுக்கு இது பெருஞ்சுமை. எனவே இயந்திரம் துணைக்கு வந்தது. 1992-இல் டர்பனில் மூன்றாம் நடுவரின் தீர்ப்பால் முதன்முதல் ஆட்டமிழந்தவர் சச்சின் டெண்டுல்கர். நடுவர் தீர்ப்பை மறுபார்வைக்குக் கேட்கும் முறை 2008-இல் இலங்கையில் இந்தியா ஆடிய தொடரில் சோதிக்கப்பட்டது. சிட்னியில் சூடுபட்ட அதே இந்தியா, அம்முறையைப் பல ஆண்டுகள் எதிர்த்து நின்று, 2016-இல் இராஜ்கோட்டில்தான் முழு அளவில் ஏற்கத் தொடங்கியது!

இயந்திரம் வந்தும் வழக்கு தீர்ந்ததா? 2024 திசம்பரில் மெல்போர்னில் யசஸ்வி ஜெய்ஸ்வாலுக்கு நேர்ந்ததை எண்ணிப் பாருங்கள். ஒலிக்கருவி அசைவு எதையும் காட்டவில்லை. பந்து மட்டையையோ கையுறையையோ கடந்தபோது திசை மாறியதைக் கண்ணால் காண்கிறேன் என்று சொல்லி, களநடுவரின் தீர்ப்பை மாற்றினார் மூன்றாம் நடுவர். கருவியை நம்புவதா, கண்ணை நம்புவதா என்று எங்கள் தேநீர்க் கடையில் ஒரு வாரம் வழக்கு நடந்தது.

செல்வமும் கருவியும் மிகுந்த அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே கால்பந்து என்று பெயரிட்டுக் கையால் எறிந்தும் தாங்கியும் ஆடும் ஆட்டம் ஒன்று உண்டு. 2012-இல் நடுவர்களுக்கும் சங்க உரிமையாளர்களுக்கும் ஊதியத் தகராறு மூண்டு, மாற்று நடுவர்களைக் கொண்டு ஆட்டங்களை நடத்தினர். சியாட்டில் நகரில் கடைசிப் பந்தின்போது ஒரே நிகழ்ச்சிக்கு அருகருகே நின்ற இரு நடுவர்கள் வெவ்வேறு சைகை காட்டினர். நாடே நகைத்தது, சில நாட்களில் பழைய நடுவர்கள் திரும்ப அழைக்கப்பட்டனர். 2019 சனவரியில் நியூ ஆர்லியன்ஸ் அணியின் ஆட்டக்காரரை, பந்து வந்து சேருமுன்பே எதிரணி வீரர் மோதித் தள்ளினார். உலகமே கண்ட அக்குற்றத்துக்கு நடுவர்கள் கொடி வீசவில்லை. கூடுதல் நேரத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் அணி 26-23 எனவென்று இறுதி ஆட்டத்திற்குச் சென்றது. நியூ ஆர்லியன்ஸ் மக்கள் நீதிமன்றத்தை நாடினர். இறுதி ஆட்டத்தைப் பார்க்க மறுத்துத் தெருவில் விழா எடுத்தனர். அவ்வகைக் குற்றத்தையும் மறுபார்வைக்கு உட்படுத்தும் விதி ஓராண்டு நடைமுறையில் இருந்து, பயனின்மையால் கைவிடப்பட்டது.

இவற்றையெல்லாம் எண்ணும்போது ஓர் உண்மை புலனாகிறது. பார்ப்பவன் நடுவரிடம் கேட்பது பிழையற்ற கண்ணை மட்டுமன்று, காரணத்தையும் கேட்கிறான். பக்னர் விரலை உயர்த்தினார். ஏன் உயர்த்தினார் என்று நமக்குச் சொல்வார் இல்லை. மெல்போர்னில் மூன்றாம் நடுவர் பேசியதை நாம் கேட்டோம். அதனால் அவர் கருத்தோடு போரிட்டோமே தவிர, அவர் நேர்மையை ஐயுற்றவர் குறைவு.

காரணம் சொன்ன தீர்ப்பின் அருமை எங்கள் மாவட்டத்தாருக்கு நன்கு தெரியும். நாங்களே ஒரு நடுவரின் தீர்ப்புக்குள் வாழ்கிறவர்கள். 1911-இல் பிறந்த சித்தூர் மாவட்டத்தின் எல்லை எங்கே என்று, 1953-இல் ஆந்திரம் தனி மாநிலமான பின் எழுந்த வழக்கைத் தீர்க்கப் படாஸ்கர் நடுவராக வந்தார். கிராமமே அலகு, பேசுவோரில் பெரும்பான்மை, நிலத் தொடர்ச்சி என்னும் அளவுகோல்களை வெளிப்படையாக வைத்தார். 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதி சென்னை மாநிலத்திற்குச் சென்றது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நின்றன. இரு தரப்பிலும் மனக்குறை உண்டு. ஆயினும் அளவுகோல் தெரிந்திருந்ததால் குறையோடும் அண்டை வீட்டாராக வாழ முடிந்தது.

இனி, கேமரா இல்லாத இடத்திற்கு வருவோம். உண்மையான இழப்பு அங்கேதான். எனக்குத் தெரிந்த ஓர் இளைஞன் தேர்வு ஆட்டமொன்றில் நன்றாக ஆடிக்கொண்டிருந்தபோது, மட்டையில் பட்டுக் காலில் பட்ட பந்துக்கு ஆட்டமிழந்ததாகத் தீர்ப்புப் பெற்றான். மாலையில் பணிவோடு காரணம் கேட்டான். “போப்பா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்பதே விடை. அடுத்த ஆண்டு அவன் வேலைக்குப் போய்விட்டான். டெண்டுல்கருக்கு ஒரு பிழை நேர்ந்தால் மறுநாள் இன்னோர் ஆட்டம் உண்டு. இவனுக்கு அந்த ஓர் ஆட்டமே உலகம்.

மறுபக்கமும் உண்டு. அதே மைதானங்களில் சித்திரை வெயிலில் நாள் முழுதும் நின்று, பந்துகளை எண்ணக் கூழாங்கற்களைக் கைமாற்றிக்கொண்டு, பேருந்துக் கட்டணத்திற்கே போதும் கூலி பெற்று வீடு திரும்பும் முதியவர்களைப் பார்த்திருக்கிறேன். “அவுட் ரா!” என்று ஒரு பக்கமும், “இல்லப்பா, நாட் அவுட்டு!” என்று மறுபக்கமும் இளைஞர்கள் அவர்களைச் சூழ்ந்துகொண்டு கூச்சலிடுவதையும் பார்த்திருக்கிறேன். தொலைக்காட்சியில் உலக நடுவரை ஏசிப் பழகிய நாவுக்கு ஊர் நடுவர் எளிய இரை. இந்நிலையில் அப்பணிக்கு எந்த இளைஞன் முன்வருவான்? தக்கவர் வராத இடத்தில் தகாதவர் நிற்பர், பிழை மலியும், ஏச்சு மேலும் வளரும்.

பிழையை ஒப்புக்கொண்ட நடுவரை மக்கள் வெறுத்ததாக நான் அறியேன். 2010-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஆர்மாண்டோ கலாராகா என்னும் வீச்சாளர், எதிரணியின் 26 பேரை வரிசையாக வீழ்த்தி, 27-ஆம் ஆளையும் வீழ்த்தி அரிய சாதனையை முடிக்கும் வேளையில், நடுவர் ஜிம் ஜாய்ஸ் தவறாகத் தீர்ப்பளித்தார். படத்தைப் பார்த்ததும் தவறு தம்முடையதே என்று மனம் உடைந்து சொன்னார். மறுநாள் ஆட்டத் தொடக்கத்தில் அணிப் பட்டியலைக் கலாராகாவே அவர் கையில் கொடுத்தார். நடுவர் கண்ணீர் துடைத்தார். அரங்கில் பலர் கைதட்டினர். பக்னரும் 2020-இல் சிட்னியில் தாம் செய்த பிழைகளை ஒப்புக்கொண்டார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வந்த அச்சொல்லைக் கேட்டு என் கொதிப்பு பாதி தணிந்தது உண்மை. இது தமிழர்க்குப் புதிய பாடமன்று. ஆராயாது தீர்ப்பளித்த பாண்டியனைச் சிலம்பு கொடுங்கோலனாகவே விட்டுவிடவில்லை. பிழை தெரிந்த நொடியில் அரியணையிலேயே உயிர்விட்டதால், வளைந்த கோலை அவன் நிமிர்த்தினான் என்றே நாம் போற்றுகிறோம்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் தெரு ஆட்டத்தில் ஒரு விந்தையைக் கவனித்திருப்பீர்கள். அங்கே நடுவராக நிற்பவன் மட்டை பிடிக்கும் அணியைச் சேர்ந்தவன். ஆகவே ஆட்டம் தொடங்குமுன்பே உடன்பாடு செய்துகொள்வர்: எல்.பி.டபிள்யூ. கிடையாது! பந்து பிடிபட்டால் எல்லார்க்கும் தெரியும். குச்சி விழுந்தாலும் தெரியும். கால்-முன்-விக்கெட் மட்டும் நடுவரின் மனத்திலே நடப்பது. நம்பிக்கை இல்லாத இடத்தில் அவ்விதிக்கு இடமில்லை என்று எவரும் கற்பிக்காமலே சிறுவர் அறிந்திருக்கின்றனர். ஆகவே நடுவராக நிற்போர் காரணத்தைச் சொல்லட்டும், பிழை நேர்ந்தால் ஒப்பட்டும். கேட்கும் நாம் ஏச்சை விட்டுக் கேள்வியாகக் கேட்போம். சித்தூர்த் தெருக்களில் பிள்ளைகள் ஒரு நாள் “எல்.பி.டபிள்யூ. உண்டு” என்று சொல்லி ஆட்டத்தைத் தொடங்குவார்களானால், நடுவர் மீது நமக்கு நம்பிக்கை திரும்பிவிட்டது என்று கொள்ளலாம்.