ஊர் வானொலி

எம் ஊராகிய சேக்காடு சென்னைக்கு மேற்கே ஆவடியை அடுத்துள்ளது. ஏரியொன்று உடைமையின், மாரிக்காலத்தில் ஊரார் கருத்தெல்லாம் அதன் கரைமேலேயே நிற்கும். 2023ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 3, 4 ஆகிய நாட்களில் மிக்ஜாம் புயலால் பெருமழை பொழிந்தது. மின்விளக்குகள் அவிந்தன, கைப்பேசிகளும் வாயடைத்தன. அந்நாளிற் பள்ளி மாணவராயிருந்த எமக்கும் எம் பாட்டியார்க்கும் துணையாய் எஞ்சியது, மின்கலத்தால் இயங்கும் பழைய வானொலிப் பெட்டியொன்றே.

பெட்டி நன்றாகவே பேசிற்று. புயல் கடலில் எங்கே நிற்கின்றது, எத்திசை நோக்கி நகர்கின்றது, எவ்வெப் புகைவண்டிகள் நிறுத்தப்பட்டன என்பவற்றையெல்லாம் தெளிவாக எடுத்துரைத்தது. எம் வீட்டிற்கு இரண்டு பர்லாங்குத் தொலைவிலுள்ள ஏரிக்கரையின் நிலை யாது என்பதொன்றை மட்டும் அது கூறிற்றிலது. 4ஆம் நாள் இரவு, கரை உடைந்துவிட்டதென்று தெருக்கோடியில் ஒருவர் கூவினார். யாம் அதனை நம்பினோம். நம்பியதோடு அமையாது, அடுத்த தெருவிலுஞ் சென்று அவ்வாறே கூவினோம். பாட்டியாரை இருளில், முழங்காலளவு நீரில் நடத்திச் சென்றோம். வழியிலிருந்த பள்ளத்திற் கால் இடறி அவர் வீழ்ந்தார். மூன்று வாரம் படுக்கையிற் கிடந்தார். பொழுது விடிந்து நோக்கியபொழுது, கரை உடையவேயில்லை.

"ஏன் தம்பி, இந்தப் பெட்டிக்கு நம்ம ஏரி எங்கே இருக்குதுன்னு தெரியாதா?" என்று அவர் வினவினார். எம்மைக் கடிந்துரைத்திருப்பின் யாம் அத்துணை வருந்தியிரோம்.

பின்னர் இக்கல்லூரியிற் புகுந்து, திருக்குறளின் அறிவுடைமை அதிகாரத்தைப் பரிமேலழகர் உரையுடன் ஓதியபொழுது, அவ்விரவே எம் கண்முன் நின்றது. அன்றுதொட்டு, ஓர் ஊர்க்குரிய நல்ல வானொலி எத்தன்மையதாதல் வேண்டும் என்று எண்ணலாயினோம்.

நிற்க. 1995ஆம் ஆண்டில் நம் உச்ச நீதிமன்றம், வான்வழி அலைகள் பொதுமக்களின் உடைமை எனத் தீர்ப்பளித்தது. பின்னர் 2002இல் கல்வி நிலையங்கட்கும், 2006இல் தொண்டு நிறுவனங்கட்கும் சமுதாய வானொலி நடத்த வழி திறக்கப்பட்டது. 2004 பெப்ருவரி 1இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் தோன்றிய நிலையம் இந்தியாவில் இவ்வகையில் முதலாவதாகும். இத்தகைய நிலையத்தின் ஆற்றல் 100 வாட் அளவினதே; ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் சுற்றளவில் உள்ளாரே அதனைக் கேட்பர். இதனைக் குறையென்பாரும் உளர். யாமோ இதுவே அதன் சிறப்பு என்போம். என்னை? பத்துக் கிலோமீட்டருக்குள் பேசுவோன், தான் கூறப்புகுங் கரையைத் தானே சென்று காணக்கூடும். அவன் தவறுவானாயின், கேட்டோர் மறுநாள் அவன் வாயிலில் நின்று வினவவுங் கூடும்.

சான்று வேண்டுவார் பாம்பனை நோக்குக. ஆண்டு 2016இல் தோன்றிய 'கடல் ஓசை' மீனவர்க்கென்றே அமைந்தது. காற்றும் அலையும் எவ்வாறுள்ளன என்பதனைக் கடலிற் செல்வார் அதன்வாயிலாக அறியலாயினர். இன்றைய தெலுங்கானாவிலுள்ள மாச்சனூர் என்னுஞ் சிற்றூரில் 2008 அக்டோபர் 15இல் தொடங்கிய 'சங்கம் வானொலி'யை, உழவுத்தொழில் செய்யும் தலித் மகளிரே நடத்தலாயினர். விதையையும் நிலத்தையும் பற்றித் தம் வீட்டிற் பேசும் மொழியிலேயே அவர்கள் பேசினர். நிகழ்ச்சிகளுட் பாதியேனும் அவ்விடத்து மக்கள் பங்கேற்பால் அமைதல் வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டு விதி. அவ்விதி அரசியற் செய்தி முதலியவற்றிற்கு இடந்தரவில்லை. ஆயினும், குடிநீர், மின்சாரம், இயற்கைப் பேரிடர் பற்றி உள்ளூர் ஆட்சியார் தரும் அறிவிப்புகளை இந்நிலையங்கள் ஒலிபரப்பலாம்.

பெருமழை நாளில் மட்டும் வாய் திறக்கும் வானொலியை எவரும் கேளார். குடிநீர் வண்டி வரும் வேளை, பள்ளிச் சிறார் பாட்டு, முதியோர் சொல்லுங் கதை, ஏரிக்கு வந்த பறவை என்னும் சிறு பொருள்களால் நாடோறும் பழகிய குரலையே இடுக்கண் வந்துழி ஊர் நம்பும். நாடோறும் பேசப் பொருளும் வேண்டுமன்றோ? சென்னையில் வானொலிக்கு வித்திட்டது, 1924இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலியோர் கண்ட சென்னை மாகாண வானொலிக் கழகம். பொருள் முட்டுப்பாட்டால் 1927இல் அஃது ஒலிபரப்பை நிறுத்தியது. 1930இல் சென்னை மாநகராட்சி அப்பணியை மேற்கொண்ட பின்னரே நகரில் அவ்வொலி மீண்டும் எழுந்தது. ஆதலின், தம் வானொலியை ஊரார் தாமே தாங்குதல் இன்றியமையாதது.

எம் ஊர்க்கென ஒரு நிலையம் அமையுமாயின், அதன் முதற்பணிக்கு யாம் வேண்டுவது இன்குரல் உடையானை அன்று. மழையிரவிற் கைவிளக்கேந்தி ஏரிக்கரை வரை நடந்து, கண்டு, மீண்டு வந்து பேசுவானையே. அவ்விரவில் அவ்விரண்டு பர்லாங்கை யாமே நடந்திருக்கலாம், நடந்திலேம். பாட்டியார் பெட்டியைச் சுட்டி வினவிய வினா எமக்கும் உரியதே என்பதனை இன்று அறிகின்றோம்.