விளையாட்டுப் போர்

ஆகாயத்தில் நடக்கும் யுத்தக் கதைகள் எனக்கு வெகுவாகப் பிடிக்கும். நாவல் எழுதிப் பிழைக்கிற ஆசாமிக்கு இது கௌரவமா என்று சில நண்பர்கள் கேட்பதுண்டு. நடுவட்டத்தில் மாலை ஐந்து மணிக்கே மூடுபனி ஜன்னலை அடைத்துவிடுகிறது. அதற்குப் பிறகு கௌரவத்தை யார் பார்க்கிறார்கள்!

சென்ற மழைக்காலத்தில், ஆர்ஸன் ஸ்காட் கார்ட் என்ற அமெரிக்கர் 1985-இல் வெளியிட்ட 'எண்டர்ஸ் கேம்' நாவலை மறுபடி படித்தேன். வேற்றுக் கிரகத்துப் பூச்சியினத்தோடு மனிதர்களுக்குப் போர். எண்டர் என்ற ஆறு வயதுப் பையனை விண்வெளியில் மிதக்கும் போர்ப் பள்ளிக்குக் கொண்டு போகிறார்கள். இரண்டு பிள்ளைகளுக்கு மேல் கூடாது என்ற உலகத்தில், சர்க்கார் விசேஷ அனுமதி கொடுத்துப் பிறந்த மூன்றாவது பிள்ளை அவன். பிறப்பதற்கு முன்பே பட்டாளத்துக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில், பயிற்சி விளையாட்டு என்று நம்பி அவன் ஆடும் ஆட்டம் நிஜப் போராக இருக்கிறது. எதிரி இனம் அழிந்த பிறகுதான் பையனுக்கு விஷயம் தெரிகிறது.

சாமர்த்தியமான கதை. அந்தச் சாமர்த்தியம்தான் எனக்கு உறுத்துகிறது. பையனுக்குத் தெரியாது, ஆகவே அவன் நிரபராதி. பெரியவர்களுக்கோ வேறு வழியில்லை, மனித குலமே அழிந்துவிடும். ஆகவே அவர்களையும் மன்னித்துவிடலாம். படிக்கிற நாம் வெற்றியையும் ரசித்துவிட்டு, பையனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீரும் விட்டுக்கொள்ளலாம். வேறு வழியில்லாமல் செய்தது யார்? ஆசிரியர்தான். வழிகளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே வந்து, ஒரே ஒரு கதவை மட்டும் திறந்து வைப்பது எங்கள் தொழில். கார்டுக்கு இது தெரியாமல் இல்லை. எண்டரின் மனச்சுமையை அவர் மறைக்கவுமில்லை. ஆனாலும் கதவைத் திறந்தவர் அவர்தான்.

நம்மிடமும் பழைய சரக்கு உண்டு. வியூகத்துக்குள் நுழையத் தெரியும், வெளியே வரத் தெரியாது என்று அபிமன்யு சொன்ன பிறகும், பெரியப்பா தருமர் அவனை அனுப்பினார். புறநானூற்றில் ஒக்கூர் மாசாத்தியார் பாடிய தாய், முதல் நாள் போரில் கணவனை இழந்தவள், மறுபடி பறை கேட்டதும் ஒரே மகனுக்குத் தலையில் எண்ணெய் தடவி, வேலைக் கையில் கொடுத்து அனுப்புகிறாள். பள்ளிக்கூடத்தில் வேலைப் பற்றி நிறையச் சொன்னார்கள். எண்ணெயைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

எங்களுக்குப் பால் கொண்டுவரும் அம்மாள் சிலோனிலிருந்து வந்தவள். 1964-ஆம் வருஷத்து சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று கணக்கெழுதிற்று. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் நம் சர்க்கார் நீலகிரியில் தேயிலை பயிரிட ஆரம்பித்தது. அவளுடைய தங்கை அங்கேயே தங்கி, கலவரங்களுக்குப் பயந்து மலையை விட்டு வன்னிக்குப் போய்விட்டாள்.

என்ன புஸ்தகம் என்று கேட்டாள். கதையைச் சொன்னேன்.

"அந்தப் பையனோட அம்மா என்ன செஞ்சா, ஐயா?"

"ஆரம்பத்தில் அழுகிறாள். பிறகு அநேகமாகக் காணோம்."

அவள் பால் கேனைக் கீழே வைத்தாள். "எந் தங்கச்சி மூணு மாசம் அவுங்க காம்பு வாசல்லயே கெடந்தா. பதினஞ்சு வயசுப் புள்ளை. விட்ருங்கன்னு கேட்டதுக்கு, இனமே அழியப் போவுது, ஒனக்கு ஒம் புள்ளை பெரிசான்னாங்களாம்."

பிள்ளை திரும்பி வந்தானா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

எந்தப் பக்கத்தார் என்றும் நான் விசாரிக்கவில்லை. விடுதலைப் புலிகள் 2003-இல், பிள்ளைகளை விடுவிப்பதாக யுனிசெஃப்போடு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். ஆனாலும் சேர்ப்பது நிற்கவில்லை. அவர்களிடமிருந்து பிரிந்த கருணா அணியும் பிள்ளைகளைப் பிடித்தது. 1989-இல் ஐக்கிய நாடுகள் சபையின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கை, பதினைந்து வயதுக்குட்பட்டவர்களைப் பட்டாளத்தில் சேர்க்கக் கூடாது என்றது. 2000-த்தில் வந்த கூடுதல் ஒப்பந்தம், ஆயுதக் குழுக்களுக்கு அந்த வரம்பைப் பதினெட்டாக்கிற்று. காகிதத்துக்கு ஒன்றும் குறைவில்லை.

இதற்கிடையில் ஒரு பத்திரிகை ஆசிரியர், பன்னிரண்டு வயதுப் பையன் ஆகாயக் கப்பலை ஓட்டிச் சண்டை போடுவதாகத் தொடர்கதை கேட்டிருக்கிறார். எழுதுகிறேன். மூன்று அத்தியாயம் முடிந்தது. பையன் இன்னும் கப்பலில் ஏறவில்லை. தாயார் பாசறை வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். கதை நகரவில்லையே என்று ஆசிரியர் நேற்றுக் கேட்டார்.