தங்கலாம், ஆனால் வேலை பார்க்கலாமா?

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

டெக்சாஸில் இருக்கும் நம் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் போனில் பேசினான். "பக்கத்து வீட்டுக்காரர் பரோல்ல வந்தவர் சார், வேலை போயிடுச்சு, பாவம்" என்றான். நமக்குத் தெரிந்த பரோல் சிறைக்கைதிக்குத் தருவது. அங்கே இதற்கு இன்னொரு பொருளும் உண்டு. விசா இல்லாதவரையும் மனிதாபிமான காரணத்துக்காக, குறிப்பிட்ட காலத்துக்கு நாட்டுக்குள் விடுவதற்கும் பரோல் என்றே பெயர்.

உள்ளே விட்டால் போதுமா, வயிறு இருக்கிறதே! அப்படி வந்தவர்கள் வேலை அனுமதி அட்டைக்குத் தனியாக விண்ணப்பிக்கலாம். அட்டை இருந்தால் எந்தக் கம்பெனியும் சட்டப்படி வேலை தரலாம். கியூபா, ஹைதி, நிகரகுவா, வெனிசுவேலா நாட்டினர் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இப்படி 2 ஆண்டு பரோலில் வந்தார்கள். 2025 மார்ச்சில் அந்நாட்டு அரசு அதை ரத்து செய்தது. மே 30 அன்று அவர்களின் உச்ச நீதிமன்றமும் தடை சொல்லவில்லை. பரோல் போனதும் அட்டையும் போயிற்று.

கேட்கும்போது எனக்கு நம் ஊர்ப் பிள்ளைகள்தான் நினைவுக்கு வந்தார்கள். அங்கே பறிப்பதற்காவது ஓர் அட்டை இருந்தது. இங்கே புழல் காவாங்கரையிலும் கும்மிடிப்பூண்டியிலும் முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழருக்கு அப்படி ஓர் அட்டை இதுவரை இல்லை.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு படகேறி வந்தவர்கள் மொத்தம் 3 லட்சத்துக்கும் மேல். பலர் திரும்பினார்கள், சிலர் வேறு நாடு போனார்கள். தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் இன்னும் 50 ஆயிரத்துக்கும் அதிகமானோர் இருக்கிறார்கள். பாதிப் பேர் இங்கேயே பிறந்தவர்கள் போலத்தான் பேசுகிறார்கள்.

என்னிடம் படித்த மாணவி ஒருத்தி அந்த முகாம்களில் ஒன்றில் 1999-இல் பிறந்தவள். வகுப்பில் சென்னைத் தமிழ், வீட்டில் யாழ்ப்பாணத் தமிழ். அப்பா 1990-இல் வந்தவர், பெயிண்டர். முகாம் ஆண்களில் பலருக்கு அதுதான் தொழில். தினக்கூலிக்குச் சாரம் ஏறுபவரிடம் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை.

பெண் பி.காம். முடித்தாள். ஒரு கம்பெனியில் தேர்வு, நேர்காணல் எல்லாம் தாண்டினாள். கடைசியில் குடியுரிமைச் சான்று கேட்டார்கள். முகாம் அடையாள அட்டையைக் காட்டினாள். "சொல்லி அனுப்புகிறோம்" என்றார்கள். அவ்வளவுதான். இப்போது தெருப்பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். "தம்பி காலேஜ் போகமாட்டேங்கிறான் சார். படிச்சு நீ என்ன கண்டே, நான் அப்பாவோட பெயிண்டிங்குக்கே போறேன்னு சொல்றான்" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. படி, படி என்று 34 ஆண்டு சொன்னவன் நான்.

மாநில அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். இலவசக் கல்வி, ரேஷன், மாத உதவித்தொகை எல்லாம் உண்டு. 2021-இல் குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாயாக உயர்த்தினார்கள். 7,469 புது வீடுகள் அறிவித்தார்கள். அகதிகள் முகாம் என்ற பெயரையும் மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். ஆனால் குடியுரிமையும் விசாவும் டெல்லியின் கையில். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இல்லை. 2025 செப்டம்பரில் புதிய வெளிநாட்டினர் சட்டம் வந்தது. 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழருக்கு, பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டனை இல்லை என்றார்கள். நல்லது. தண்டனை இல்லை என்பது வேறு, வேலை செய்யலாம் என்பது வேறு.

நம்மால் முடியாததா? 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தை வகுப்பில் நடத்தினேனே, நினைவிருக்கிறதா? 5,25,000 மலையகத் தமிழரை ஏற்பதாக இந்தியா ஒப்புக்கொண்டது. வந்தவர்கள் குடியுரிமையோடு வந்தார்கள். அவர்களுக்கு வேலை தரவே நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் போட்டார்கள், அதுதான் இன்றைய டான்டீ. நமக்குத் தெரிந்த ரெப்கோ வங்கியும் 1969-இல் தாயகம் திரும்பியோருக்காக வந்ததுதான். காகிதம் சரியாக இருந்தது, வேலைக்கும் வழி பிறந்தது.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள்.

ஒன்று: ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, அம்பத்தூர் கம்பெனிகளில் ஆள் எடுக்கும் இடத்தில் உங்களில் பலர் இருக்கிறீர்கள். முகாம் முகவரி பார்த்ததும் விண்ணப்பத்தை ஒதுக்காதீர்கள். 1.7.1987-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் நீதிமன்றம் போய் பாஸ்போர்ட் பெற்று, 2024 தேர்தலில் ஓட்டும் போட்டார். அதற்குப் பின் பிறந்தவருக்கும், பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால் வழி இருக்கலாம். உங்கள் சட்டப் பிரிவிடம் கேட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

இரண்டு: வழக்கறிஞர்களாக இருக்கும் என் பிள்ளைகளே, ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னோடு முகாமுக்கு வாருங்கள். யாருடைய பிறப்புச் சான்றிதழில் வழி இருக்கிறது என்று உட்கார்ந்து பார்த்துச் சொல்லுங்கள். அந்தத் தம்பியின் கல்லூரிச் சேர்க்கைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் வந்தால் நல்லது.

வரக்கூடியவர்கள் கீழே எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் சமூக அறிவியல் சார்,
செம்பரம்பாக்கம்