மரத்தில் வளர்ந்த சாறு

ரம் பெரும்பாலும் சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகிலிருந்தே வடிக்கப்படுகிறது. மார்த்தினிக் தீவிலோ புதிய கருப்பஞ்சாற்றையே நொதிக்கவைத்து வடிப்பது பெருவழக்கு. ஓக் மரத்தில் குறைந்தது ஓராண்டு இருந்த ரம்முக்கு 1996-ஆம் ஆண்டின் பிரெஞ்சுப் புவிசார் குறியீட்டு விதி தரும் பெயர் ‘எல்வே சூ புவா’. ‘எல்வே’ என்றால் வளர்க்கப்பட்டது. பிள்ளை வளர்ப்புக்கும் அதே வினைதான். மூன்றாண்டு நிரம்பினாலே ‘வியூ’, அதாவது முதியது.

அந்த இளம் ரம்மைச் சுவைப்பவர் நாவில் முதலில் எழுவது பச்சைக் கரும்பின் புல்மணம். மரத்தின் துவர்ப்பும் வனிலா வாசமும் பின்னரே வருகின்றன. ஓராண்டு மரத்தில் வளர்ந்தும் சாறு தன் பிறப்பை மறக்கவில்லை.

அத்தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு 1853 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்ட இந்தியர்களில் பெரும்பாலோர் தமிழர். அவர்களின் வழித்தோன்றல்கள் கிரியோலில் வளர்ந்தார்கள். தமிழ் அன்றாடப் பேச்சிலிருந்து நீங்கி, வழிபாட்டுச் சொற்களில் மட்டும் எஞ்சியது.